பாதை இல்லாத பொது நிலம் யாருக்கு?



இந்த மாதம் ‘என் கருத்து’ பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு பொது நிலம். பொது நிலம் என்றால் எல்லாருக்கும் சொந்தமான நிலம். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நிலத்துக்குப் போக வழியே இல்லை என்றால் அது யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. அதைக் கேட்டவங்க வேட்டைக்காரர்கள். அந்தக் கதையை முதலில் சொல்றேன். அப்புறம் என் கருத்தைச் சொல்றேன்.

அமெரிக்காவில் மத்திய அரசிடம் சுமார் 64 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கு. நம்ம தமிழ்நாடு மாதிரி இருபது தமிழ்நாடு! காடு, மலை, புல்வெளி எல்லாம் அதில் அடக்கம். அதில் பெரும்பகுதியில் மக்கள் நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். உரிமம் வாங்கிக்கொண்டு, அதற்குரிய மாதங்களில், சொன்ன எண்ணிக்கைக்குள் வேட்டையும் ஆடலாம். சொந்த நிலம் இல்லாத சாதாரண ஆளும் போகலாம் என்பதுதான் இதில் சிறப்பு.

ஆனால் வயோமிங் என்ற மாநிலத்தில் ஒரு சிக்கல். 1862 முதல் ரயில் பாதை போடுவதற்காக அரசாங்கம் ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தது. எப்படித் தெரியுமா? சதுரங்கப் பலகையை நினைச்சுக்கோங்க. கறுப்புக் கட்டம் கம்பெனிக்கு, வெள்ளைக் கட்டம் அரசுக்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம், அதாவது 640 ஏக்கர். பிறகு கறுப்புக் கட்டங்கள் கைமாறிக் கைமாறிப் பண்ணைக்காரர்களிடம் போய்விட்டன. இப்போ ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு எப்படிப் போவது? இரண்டும் மூலையில் மட்டும்தான் தொட்டுக்கொள்ளும். சதுரங்கத்தில் பிஷப் போகிற மாதிரி மூலை வழியாகத்தான் போகணும். ‘மூலையில் தாண்டினாலும் என் இடத்துக்கு மேலே உன் தோள் வருது, அது அத்துமீறல்’ என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். இப்படி மூலையில் மாட்டிக்கொண்ட பொது நிலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்று 2022ல் ஒரு வரைபட நிறுவனம் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் கால் பங்கு! பேர் மட்டும் பொது நிலம். உள்ளே போக முடியாது.

எல்க் மலை என்ற இடத்தில் ஒரு பெரிய பணக்காரருக்கு சுமார் 22,000 ஏக்கர் பண்ணை. அதுக்கு நடுநடுவே பொது நிலக் கட்டங்கள். மிசௌரி மாநிலத்திலிருந்து சில வேட்டைக்காரர்கள் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட அங்கே வந்தார்கள். ஒரு மூலையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலி போட்டுப் பூட்டு போட்டிருந்தது. 2020ல் அந்தக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021ல் நாலு பேராக வரும்போது ஒரு ஏணியே செய்து கொண்டுவந்துவிட்டார்கள். இந்தப் பக்கப் பொது நிலத்தில் ஒரு கால், அந்தப் பக்கப் பொது நிலத்தில் ஒரு கால் ஊன்றி நிற்கிற ஏணி. ஏறி இறங்கினார்கள். பண்ணைக்காரர் மண்ணில் பாதம் படவே இல்லை!

அதுக்கே அவர்கள் மேல் அத்துமீறல் வழக்கு. 2022ல் ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். பண்ணைக்காரர் லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டுத் தனியாகவும் ஒரு வழக்கு போட்டிருந்தார். அதில் 2023ல் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், தனியார் மண்ணைத் தொடாமல் பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்குத் தாண்டலாம் என்று சொல்லிவிட்டது. அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்ட ஆறு மாநிலங்களுக்கும் இது பொருந்தும். 2025 அக்டோபரில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் பண்ணைக்காரரின் மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு உதவியது எந்தச் சட்டம் தெரியுமா? 1885ல் வந்த சட்டம்! அந்தக் காலத்தில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் பொதுப் புல்வெளியை வேலி போட்டு வளைத்தார்கள். அதைத் தடுக்க, பொது நிலத்தை யாரும் அடைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஒருத்தர் தன்னுடைய கட்டங்களில் மட்டும் சாமர்த்தியமாக வேலி போட்டு, நடுவில் இருந்த 20,000 ஏக்கர் பொது நிலத்தை மடக்கினார். ‘என் நிலத்தில்தானே வேலி போட்டேன்’ என்று வாதாடினார். 1897ல் உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, வேலியை எடுக்கச் சொன்னது.

இனி என் கருத்து.

முதலாவது, பாதையும் நிலத்தில் சேர்த்திதான். நிலத்தை எடுத்துக்கொண்டால்தான் திருட்டு என்று இல்லை. பாதையை அடைத்தாலே போதும், நிலம் தானாக அவர் கைக்குப் போயிடும். பட்டா மாற்ற வேண்டாம், பத்திரம் எழுத வேண்டாம். கிணற்றை அப்படியே விட்டுவிட்டு வாளியையும் கயிற்றையும் ஒளித்து வைத்த மாதிரி.

இரண்டாவது, ‘வேட்டையாடுகிறவங்களுக்கு ஏன் பரிந்து பேசுற?’ என்று சிலர் கேட்கலாம். எனக்கு வேட்டை பிடிக்காது. நம்ம நாட்டில் 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கு, அது சரிதான் என்றும் நினைக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் 1937லிருந்து துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரி எடுத்து வன உயிர்ப் பாதுகாப்புக்குத்தான் கொடுக்கிறார்கள். உரிமக் கட்டணமும் அதற்கே போகுது. காடு இருந்தால்தான் மான், மான் இருந்தால்தான் தனக்கு வேலை என்று அந்த வேட்டைக்காரருக்குத் தெரியும். அதனால் காட்டுக்காகச் சண்டை போடுகிறார். மேலும், வேட்டைக்காரர் தாண்டிய அதே மூலையைப் பறவை பார்க்கப் போகிறவரும் தாண்டலாம், மலையேறப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாண்டலாம். வழி ஒருத்தருக்காகத் திறப்பதில்லை.

மூன்றாவது, பண்ணைக்காரருக்கும் நியாயம் உண்டு. நம்ம கொல்லையில் யாராவது மிதித்தால் நாம் சும்மா இருப்போமா? வேலி உடையும், மாடு கலையும் என்று அவர் பயப்படலாம். அதை நான் மறுக்கவில்லை. அவர் நிலம் அவருக்கு. ஆனால் அவர் தன் நிலத்தை மட்டுமா பூட்டினார்? ஊருக்கு உரியதையும் சேர்த்துல்ல பூட்டினார்! அதுதான் தப்பு.

நான்காவது, பேசினால்தான் பொது நிலம் நிலைக்கும். 2017 ஜனவரியில் பத்து மாநிலங்களில் 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்க ஒரு எம்.பி. மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரர்களும் மீன் பிடிக்கிறவர்களும் கடிதம், போன், கூட்டம் என்று விடாமல் எதிர்த்தார்கள். இரண்டு வாரம் கூட ஆகவில்லை, அவரே வாபஸ் வாங்கிவிட்டார். 2025 ஜூனில் இன்னொருவர் பட்ஜெட் மசோதாவோடு சேர்த்து விற்கப் பார்த்தார். மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் வாபஸ். ஒரு தடவை ஜெயித்துவிட்டோம் என்று தூங்கிப் போயிருந்தால் இரண்டாவது தடவை நிலம் போயிருக்கும்.

இதையெல்லாம் நம்ம பள்ளிச் சுவரில் ஏன் எழுதணும்? காரணம் இருக்கு. நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்குக்குப் போகிற வண்டிப்பாதையில் இப்போ முள்வேலி இருக்கு. யார் போட்டது என்று நான் எழுதவில்லை, எழுதுவது என் நோக்கமும் இல்லை. புறம்போக்கு அங்கேயேதான் இருக்கு, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் எங்க அப்பாயி மாதிரி ஆடு வைத்திருப்பவர்கள் ஓடையைச் சுற்றி நடக்கிறார்கள். வயசானவங்க நாலு பேர் ஆட்டையே விற்றுவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் போனால் ‘அங்கே ஆடு மேய்ந்ததா?’ என்று நம்ம தம்பி தங்கைகள் கேட்பார்கள். அப்போ அதை யார் எடுத்துக்கொண்டாலும் கேட்க ஆள் இருக்காது.

புறம்போக்கு என்றாலே நம்ம ஊரில் திட்டுகிற வார்த்தையாக ஆக்கிட்டாங்க. ஆனால் நம்ம உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் பஞ்சாப் மாநிலத்து ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கிராமத்துக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் போடணும் என்று உத்தரவிட்டது. அதில் தமிழ்நாடும் சேர்த்திதான்.

அதனால் ஆளுக்கொரு ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க என்று நான் சொல்லவில்லை. வேலியைப் பிடுங்கவும் சொல்லவில்லை. சண்டை வந்தால் பாதையும் போகும், உறவும் போகும். கிராம நிர்வாக அலுவலர் கிட்ட புலப்படம் இருக்கு. அதில் வண்டிப்பாதை எங்கே போகுது என்று பெரியவர்கள் பார்க்கட்டும். அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கட்டும். நமக்கு ஓட்டு இல்லை, ஆனால் எழுதத் தெரியும். மனு எழுதத் தெரியாத தாத்தா பாட்டிக்கு நாம் எழுதிக் கொடுக்கலாமே!

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். தேர் போக முதலில் தெரு வேணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி