மாடு போனாலும் கயிறு போகாது!

ஆடி மாதம் வந்தால் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழா. அங்கே கூடும் மாட்டுச் சந்தையும், குதிரைச் சந்தையும் ஊர் அறிந்தவை.

மாட்டை விற்பவர் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது கிராமத்து வழக்கம். மாடு போகலாம், கயிறு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்!

வந்த கயிறு மூலையில் கிடக்காது. சுவரில் அடித்த முளையில் தொங்கும். எது பசுவின் கயிறு, எது காளையின் கயிறு என்பது இருட்டிலும் கைக்குத் தெரியும்.

இன்று அதே வீடுகளில் வேறொரு கயிறு பெருகிவிட்டது. இது மனிதன் தன் கையில் கட்டிக்கொள்ளும் கயிறு. ஆம், ஸ்மார்ட் வாட்ச் பட்டை!

அன்று ஒன்று, இன்று பத்து

ஒரு காலத்தில் கைக்கடிகாரம் என்றால் மாப்பிள்ளைச் சீர். 1961-ல் எச்.எம்.டி. நிறுவனம் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-ல் டாட்டா நிறுவனமும், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் ஆலை எழுந்தது. அந்தக் கடிகாரங்களுக்கு ஒரே வார்தான். அறுந்தால்தான் புதிது.

2015-ல் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தது. பிறகு பல நிறுவனங்களின் ஸ்மார்ட் வாட்சுகளும் பரவின. பட்டையை வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். சட்டைக்கு ஒரு நிறம். சேலைக்கு ஒரு நிறம். மேஜை அறையைத் திறந்தால் பாம்புக் குட்டிகள் போலப் பின்னிக் கிடக்கின்றன!

இதை வீண் ஆடம்பரம் என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். சேர்ப்பது தவறல்ல. சேர்த்ததை மறப்பதுதான் தவறு. இருக்கிற நீலப் பட்டை கண்ணில் படாததால் இன்னொரு நீலப் பட்டை வாங்குகிறார்கள். காசு போகிறது, வீட்டில் சண்டையும் வருகிறது.

வளையல் ஸ்டாண்டு போதும்

இதற்குக் கண்ணாடிப் பேழை தேவையில்லை. பெண்கள் வளையல் மாட்டி வைக்கும் ஸ்டாண்டு போதும். பட்டையை அதில் சுற்றி மாட்டினால் மடிப்பு விழாது. முளை அடித்த பலகையும் நல்லதே.

முதலில் அகலம் பார்த்துப் பிரிக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் பட்டை 22 மில்லிமீட்டர் கடிகாரத்தில் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சீட்டு ஒட்டினால் குழப்பம் தீரும்.

தோல் பட்டைக்குக் காற்று வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். ரப்பர் போன்ற சிலிக்கான் பட்டையையும், துணிப் பட்டையையும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வியர்வை படிந்த பட்டை தோலில் அரிப்பு உண்டாக்கும். எஃகுப் பட்டையைத் தனியே வைக்க வேண்டும், மற்றவற்றைக் கீறிவிடும். வெயில் விழும் ஜன்னலோரம் ஆகாது, சாயம் வெளுக்கும்.

பட்டையை மாட்டும் ஊசிகள் மிகச் சிறியவை. குழந்தை எடுத்து விழுங்கினால் ஆபத்து! மூடியுள்ள டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வைப்பதே தாய்மாருக்கு நிம்மதி.

கண்ணில் பட்டால் கணக்கில் வரும்

வரிசையாக மாட்டினால் வீடு அழகாகும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எத்தனை இருக்கின்றன என்று வீடே பார்க்கும். கண்ணில் படுவது கணக்கில் வரும். அடுத்ததை வாங்கப் போகும் கை சற்றுத் தயங்கும்.

ஓர் ஆடி முதல் மறு ஆடி வரை கையில் ஏறாத பட்டை, அந்த வீட்டுக்கு வேண்டாத பட்டை. அதே அளவுக் கடிகாரம் கட்டும் தம்பிக்கோ, மச்சானுக்கோ கொடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கொடுக்கக் கூடாது. தாத்தா கட்டியிருந்த தோல் வார் பெட்டிக்குள் கிடந்தால், அதற்குத்தான் ஸ்டாண்டில் முதல் இடம். கடிகாரம் என்றோ ஓடாமல் நின்றிருக்கும். அவர் கையின் வளைவு இன்னும் அந்த வாரில் இருக்கிறது.

மாடு போனாலும் கயிற்றைக் காக்கும் ஊருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?