துணி காயக் கொடி வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்

சம்பளம், வீடு, காணி என்று எழுதுகிற இந்தப் பத்திரிகையில் இன்றைக்கு மாதவிடாய் பற்றி எழுதுகிறேன். ஆண் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்க வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சந்தாவிலும்தான் நம் சங்கம் நடக்கிறது.

2024ஆம் ஆண்டு கல்வி அமைச்சு பாடசாலை மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் கொடுத்தது. நல்ல காரியம். எங்கள் பிள்ளைகளுக்கும் அது உதவியது. ஆனால் அதே வீட்டில் அம்மா இருக்கிறார், ஓ/எல் முடித்துவிட்டு மலைக்குப் போகும் அக்கா இருக்கிறார். அவர்களுக்கு வவுச்சர் இல்லை. பத்துத் துண்டு உள்ள ஒரு பக்கெட் முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெண்கள் உள்ள வீட்டுக்கு மாதம் நான்கு பக்கெட்டாவது வேண்டும். 1,200 ரூபாய் ஆகிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், மாதத்தில் ஒரு நாள் பேர் கிட்டத்தட்ட முழுதாக இதற்கே போகிறது. வருடத்துக்குப் பத்து நாள் பேருக்கும் மேல். இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு இருந்து வந்தது. 2018 செப்டெம்பர் வரை, இறக்குமதியான நாப்கின் மீது விழுந்த வரிகளைக் கூட்டினால் 101.2 வீதம். அதாவது பொருளின் பெறுமதியைவிட வரி அதிகம். பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கியதா என்று அம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பணம் இல்லாத மாதத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நான்கு துண்டு மாற்ற வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுவோம். இல்லாவிட்டால் பழைய சேலையைக் கிழிப்போம். பிள்ளை என்றால் வீட்டில் நின்றுவிடும். வகுப்பு இடாப்பைக் கையில் வைத்திருக்கும் எந்த ஆசிரியைக்கும் இது தெரியும். மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாள் “தலைவலி”. பரீட்சைக் காலத்திலும் அதே தலைவலி.

அதனால்தான் திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய துணி நாப்கின், கப் இரண்டுக்கும் நம் வீடுகள் மாற வேண்டும் என்கிறேன். துணி நாப்கின் என்பது பல அடுக்குத் துணியை உள்ளே வைத்துத் தைத்து, உள்ளாடையோடு பொத்தான் போட்டு நிறுத்துவது. ஐந்தாறு இருந்தால் ஒருவருக்கு இரண்டு மூன்று வருடம் போதும். கப் என்பது சிலிக்கனில் செய்த, மணி மாதிரி வடிவமுள்ள சின்னக் கிண்ணம். அது இரத்தத்தை உறிஞ்சாது, பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிக் கழுவிப் பல வருடம் பாவிக்கலாம்.

துணி என்றவுடன் வயதான அம்மாமார் சிரிப்பார்கள். “நாங்க அந்தக் காலத்துல வேற என்னத்தம்மா வச்சோம்?” உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துத் துணியில் பிழை துணியில் இல்லை, அதைக் காயப்போட்ட இடத்தில்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மாமனார், கொழுந்தன் கண்ணில் படக்கூடாது என்று அடுப்புக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும், பாவாடைக்கு உள்ளேயும் மறைத்துக் காயவைத்தார்கள். மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து மழைமாதங்களில் அப்படி வைத்த துணி எங்கே காயும்? ஈரத்தோடு திரும்பக் கட்டினார்கள். அரிப்பும் புண்ணும் வந்தது. டிஸ்பென்சரியில் வாய் திறந்து சொல்லவும் வெட்கம். குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசி, சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் விரித்துக் காயவைத்த துணி எந்தக் கெடுதலும் செய்யாது. சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆகவே துணிக்கு மாறுவது என்றால் கொடி வேண்டும், தண்ணீர் வேண்டும். ஊவாவில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கி வரும் காய்ந்த கச்சான் காற்றில்தான் நம் கொழுந்துக்கு அந்தத் தனி மணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் பருவம் அதுதான். அதே காற்றில்தான் நம் பீலிகள் நூல் மாதிரி ஒழுகும், ஓடைகள் கல்லாகக் கிடக்கும். ஹாலி எலயிலும் பசறையிலும் லுணுகலையிலும் வரிசையில் குடம் வைத்துக் காத்திருக்கும் அந்த மாதங்களில், “துணியைத் துவைத்துப் பாவியுங்கள்” என்று ஒரு கருத்தரங்கு நடத்திவிட்டுப் போவது கேலி மாதிரி இருக்கும். அப்படி வந்து ஒரு பொதி கொடுத்து, வரிசையில் நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பொதி எங்கே என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

மலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு உள்ள கஷ்டம் வேறு. காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு ஏறினால் கொழுந்து நிறுக்கும்போதுதான் இறங்குகிறோம். நாப்கின் என்றாலும் துணி என்றாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது? தேயிலைச் செடிக்கு மறைவிலா? அட்டையும் குளவியும் இருக்கிற இடத்திலா? இந்த வேலைக்குக் கப்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். காலையில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். வீட்டுக்கு வந்துதான் எடுக்க வேண்டும். தண்ணீரும் குறைவாகவே தேவை. 2019இல் லான்செட் மருத்துவ சஞ்சிகைக் குடும்பத்தில் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 43 ஆய்வுகளையும் 3,300க்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தது. மற்றவற்றைவிடக் கப் அதிகமாக ஒழுகுவதில்லை என்றும், பழகிக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதையே தொடர விரும்பினார்கள் என்றும் அது சொல்கிறது. பழகுவதற்குச் சில மாதம் எடுக்கும், கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் சுலபம் என்பதும் அதில் உண்டு. கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். மாதம் ஒருதரம் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். லூப் போட்டிருக்கும் சகோதரிகள் முதலில் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டுவிட்டுப் பாவியுங்கள். கலியாணம் ஆகாத பிள்ளைகளுக்குத் துணி நாப்கினே போதும் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். கப் வைப்பதால் கன்னித்தன்மை போய்விடாது. ஆனாலும் அந்தப் பயத்தோடு சண்டை பிடித்து ஒரு பிள்ளையையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

குப்பைக் கதையும் இருக்கிறது. கடை நாப்கினில் இருக்கும் பிளாஸ்டிக் மக்காது. நகரத்தில் என்றால் குப்பை வண்டி வரும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை வேலை செய்யத் தடையாக நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். சட்டம் திருந்தியும் எத்தனை லயத்துக்கு வண்டி வருகிறது? வராத இடத்தில் கக்கூசுக் குழியில் போட்டு அது அடைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் இரவில் கானுக்குள் போகிறது. நாய் இழுத்து வந்து வாசலில் போடும் அவமானத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுகிறேன். 2018 வெள்ளத்தில் முகாம்களில் தங்கியவர்களின் நாப்கின் குப்பையை என்ன செய்வது என்று ஆலப்புழையில் திணறினார்கள். அடுத்த வருடம் அங்கே நகரசபை ‘திங்கள்’ என்ற திட்டத்தில் 5,000 கப் இலவசமாகக் கொடுத்தது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் பொருளோடு பயிற்சியும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு எல்லையில் ஆரோவில்லில் ‘ஈகோ பெம்’ 2010 முதல் கிராமத்துப் பெண்களை வைத்துத் துணி நாப்கின் தைக்கிறது. நம் நாட்டிலும் குருநாகல் கைத்தறி நிறுவனமான செலின் தைத்து விற்கிறது. தையல் மெசின் இல்லாத தோட்டம் எது? திருவிழாவுக்குச் சட்டை தைக்கிற நம் பிள்ளைகளால் இதைத் தைக்க முடியாதா?

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: “மலையில இருந்து வந்து, தண்ணி தூக்கி, சமைச்சு, புள்ளைய பாத்து, அதுக்கு மேல இதையும் நான்தான் தொவைக்கணுமா டீச்சர்?” நியாயமான கேள்வி. கடை பக்கெட்டை வாங்குகிறவரை யாரும் குறை சொல்லக்கூடாது. அந்த முந்நூறு ரூபாய்க்கு அவர் வாங்குவது அரை மணி நேர ஓய்வு. அதனால் இதைப் பெண்களின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வீட்டு ஆண்பிள்ளை அந்த நான்கு நாளாவது குடம் தூக்க வேண்டும்.

ஆனால் பெரிய பங்கு தோட்ட நிர்வாகத்துக்கும் நமக்கும்தான். ஒரு கமிட்டிக் கூட்டத்தில் மலையில் மலசலகூடம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, “அது பொம்பளைங்க சமாச்சாரம், அடுத்ததுக்குப் போவோம்” என்று முடித்துவிட்டார்கள். கதவில்லாத கக்கூசு எப்படிப் பொம்பளை சமாச்சாரம் ஆகும்? தேயிலைப் பெட்டிகளில் பச்சைத் தவளை முத்திரையைப் பார்த்திருப்பீர்கள், ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் கொடுப்பது. வேலை செய்யும் இடத்திலோ அதற்குக் கிட்டவோ சுத்தமான மலசலகூடமும் கை கழுவத் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பது அந்த முத்திரையின் விதிகளில் உள்ளது. முத்திரை உள்ள தோட்டத்தில் பரிசோதகர் வரும் நாளில் நம் பெண் பிரதிநிதி அதைக் கேட்க வேண்டும். துணி நாப்கின் பொதி ஒன்றைக் கொடுத்துவிட்டு மலசலகூடக் கோரிக்கையை நிர்வாகம் மூடப் பார்த்தால், பொதியை வாங்கிக்கொண்டு கோரிக்கையையும் விடாமல் இருக்க வேண்டும். பாடசாலை வவுச்சருக்குத் துணி நாப்கினும் வாங்கலாம் என்று விதி வர வேண்டும். அதை மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் சங்கம் எழுத்தில் கேட்கலாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் மகளிர் தலைவியர் லயம் லயமாக எண்ணிக்கொண்டு வரட்டும்: தாழ்ப்பாள் உள்ள கக்கூசு எத்தனை, ஆகஸ்ட் மாதத்திலும் தண்ணீர் வரும் பீலி எத்தனை, வெயில் படும் கொடி கட்ட இடம் எங்கே, மலையில் எத்தனை வயலுக்கு ஒரு மலசலகூடம், தையல் மெசின் யார் யாரிடம். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தால் போதும், மனுவை நான் எழுதித் தருகிறேன்.