மலையேறுமா மின்சார விமானம்?



போடிநாயக்கனூரில் சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் காணலாம். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர்கள் மலையேற வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயின்போது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்ததையும் கண்ட ஊர் இது.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் மதரஸாவில் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், பாட்டரியில் பறக்கும் விமானம் வருகிறதாமே! மலையில் அத்தாவுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதில் கொண்டுவந்துவிடலாமா?"

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் உள்ளது. மின்கட்டணத்தில் நாம் எண்ணும் அதே யூனிட்தான். ஒரு கிலோ லித்தியம் மின்கலத்திலோ கால் யூனிட் அளவே உண்டு. மின்மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்குவதில்லை. ஆதலால் இவ்விடைவெளி ஓரளவு குறையும், மறையாது. மேலும், எரிபொருள் எரிய எரிய விமானத்தின் பாரம் குறைகிறது. மின்கலமோ தீர்ந்த பின்னும் அதே பாரம். எனவே சென்னையிலிருந்து ஹாஜிகளை ஜித்தாவுக்குச் சுமந்து செல்லும் பெருவிமானம் இன்றைய மின்கலத்தைக் கொண்டு பறக்க இயலாது.

குறுந்தொலைவுக்கோ வழி திறந்துள்ளது. 2020இல் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற, இருவர் அமரும் 'வேலிஸ் எலக்ட்ரோ' ஏறத்தாழ 50 நிமிடம் பறக்கும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி தொடங்கிய 'இ-பிளேன்' நிறுவனம், ஓடுபாதையின்றிச் செங்குத்தாக எழும் மின்விமானத்தை உருவாக்கி வருகிறது. நோயாளியை ஏற்றிச் செல்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

நம் மலைக்கு இது பொருந்துமா? ஒரு டன் பாரத்தை ஆயிரம் மீட்டர் உயர்த்த, இழப்பின்றிக் கணக்கிட்டால், 3 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் செங்குத்தாக எழவும் இறங்கவும் மின்சாரம் வெகுவாகச் செலவாகும். மூடுபனியில் இறங்க இடம் தெரியாவிடில் திரும்பி வருவதற்கும் மிச்சம் இருக்க வேண்டும்.

"வரலாம் மகனே, வெகுதூரத்துக்கு அன்று, இதுபோன்ற சிறு தூரத்துக்கே முதலில் வரும்" என்றேன்.

அதுவரை அவனுடைய அத்தாவுக்கு ஜீப்பும் சாலையுமே துணை. ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதிருப்பதற்கும், தோட்டத்தில் முதலுதவிப் பெட்டி வைப்பதற்கும் எந்த விமானத்துக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.