மூன்றில் ஒரு பங்கு

பாந்த்ராவிலிருந்து கடல் பாலத்தில் ஏறித் தெற்கே வருகிறவர்களின் பார்வை தானாகவே இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. வொர்லி, பிரபாதேவி, அவற்றின் பின்னால் லோயர் பரேல் என்று கடற்கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன கண்ணாடிக் கோபுரங்கள். மழைக்காலத்தில் அவற்றின் மேல்மாடிகள் மேகத்துக்குள் காணாமல் போய்விடும். எந்தக் கட்டடம் எத்தனை மாடி, எந்த மாடியில் எந்த நடிகர் என்று டாக்ஸி டிரைவர் ஒப்பிப்பார். கட்டடம் நிற்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்தான் பதில்: மில்.

மும்பையின் வான்விளிம்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முகம் காட்டியிருக்கிறது. 1878-இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் மணிக்கூண்டு 280 அடி உயரத்தில் நகரைக் கண்காணித்தது. அதற்கு முன்பே, 1856-இல், தார்தேவில் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த நூறாண்டுகளில் பரேலும் லால்பாகும் புகைபோக்கிகளின் காடாயின. 1970-களில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நாரிமன் முனையில் எக்ஸ்பிரஸ் டவர்ஸ், ஏர் இந்தியா கட்டடம் போன்றவை எழுந்தன. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கோரியா வடிவமைத்த 28 மாடிக் காஞ்சன்ஜங்கா குடியிருப்பு 1983-இல் முடிந்தது. கடற்காற்று வேண்டும், ஆனால் மாலை வெயிலும் பருவமழைச் சாரலும் கூடாது. இந்தச் சிக்கலுக்கு இரண்டு மாடி உயரத் தாழ்வாரங்களைக் குடைந்து அவர் விடை கண்டார். உயரமாகக் கட்டுவதே குற்றம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உயரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. நகரின் நடுவில் திடீரென்று கிடைத்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அது.

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. நாளடைவில் கரைந்து போனது. பல மில்கள் மறுபடி முழுமூச்சாக ஓடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ரத்னகிரிக்கும் சதாராவுக்கும் ஊர் திரும்பினார்கள். மிஞ்சியது நிலம். ஐம்பதுக்கும் அதிகமான மில்கள். சுமார் 600 ஏக்கர். ஒரு சதுர அடிக்கும் அடித்துக்கொள்ளும் தீவு நகரத்தில் இது புதையல்.

1991-இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தப் புதையலைப் பங்கிட ஓர் எளிய கணக்குச் சொல்லின. மில் நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பினால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்ற திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு. மூன்றில் ஒரு பங்கு மலிவு வீடுகளுக்காக மாநில வீட்டு வசதி ஆணையத்துக்கு. மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. நகரத்துக்கும் எளியவருக்கும் முதலாளிக்கும் சம பங்கு. ஒரு நபருக்கு ஒன்றே கால் சதுர மீட்டர்தான் திறந்தவெளி என்று கணக்கிடப்படும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

கணக்கு எளிது, உரிமையாளர்களுக்குக் கசந்தது. மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுப்பதைவிட மில்லைப் பூட்டிவைத்துக் காத்திருப்பது லாபம் என்று பலர் கருதினார்கள். இதற்கிடையே 1996-இல், அதே சார்ல்ஸ் கோரியா தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, மில் நிலங்களைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் திட்டமிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை கோப்பில் தூங்கியது.

2001-இல் விதி திருத்தப்பட்டது. ஒரு சொல்தான் மாறியது என்றுகூடச் சொல்லலாம். மூன்றாகப் பங்கிட வேண்டியது மொத்த நிலம் அல்ல, 'காலி' நிலம் மட்டுமே என்றானது. பழைய கட்டடங்களை இடித்தபின் கிடைக்கும் இடம் காலி நிலக் கணக்கில் சேராது. பஞ்சாலை என்பது ஏறக்குறைய முழுக்கக் கொட்டகைகளும் கிடங்குகளும்தான். அதில் காலியிடம் எவ்வளவு இருக்கும்? எதிர்பார்த்த 200 ஏக்கர் பூங்காவும் 200 ஏக்கர் குடியிருப்பும் காகிதத்திலிருந்து மறைந்தன.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது: நலிந்த மில்களைச் சீரமைக்கவும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தொழிலாளர்களின் பாக்கியைக் கொடுக்கவும் பணம் வேண்டும், நிலத்தை விற்றால்தான் பணம். தொழிலாளர்களில் பலருக்கு அந்த விற்பனையிலிருந்துதான் பாக்கி கைக்கு வந்தது. ஆனால் பாக்கி ஒருமுறை கிடைப்பது. நிலமோ ஒருமுறை போனால் போனதுதான்.

எவ்வளவு போனது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அரசுக்குச் சொந்தமான தேசிய ஜவுளிக் கழகம் 2005-இல் தன் மும்பை மில்களில் ஐந்தை ஏலம் விட்டது. அவற்றில் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம், சுமார் 17 ஏக்கர், 702 கோடி ரூபாய்க்கு டி.எல்.எஃப். நிறுவனத்துக்குப் போனது. 2012-இல் அதே நிலம் ஏறத்தாழ 2,700 கோடி ரூபாய்க்கு லோதா குழுமத்துக்குக் கை மாறியது. நடுவே இருந்த ஏழு ஆண்டுகளில் விலை நான்கு மடங்கை நெருங்கியது.

இந்த விலை கொடுத்து வாங்கியவர் மேலே போகாமல் என்ன செய்வார்? லோயர் பரேலில் ஸ்ரீநிவாஸ் மில் நிலத்தில் 2010-இல் அறிவிக்கப்பட்ட வேர்ல்ட் ஒன், 117 மாடி, 442 மீட்டர் என்று திட்டமிடப்பட்டது. விமானப் பாதைக்கான உயரக் கட்டுப்பாடு குறுக்கே வந்ததால் 280 மீட்டரில் நின்றது. ஸ்ரீராம் மில் நிலத்தில் எழுந்த பாலே ராயல் 300 மீட்டரைக் கடந்தது. தளப்பரப்பு விதிகள் மீறப்பட்டனவா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வானத்துக்கு வரம்பு போட விமான நிலையம் இருந்தது. தரைக்கு வரம்பு போட யாரும் இல்லை.

தரையின் கதை 2017 செப்டம்பர் 29 காலையில் வெளியே தெரிந்தது. மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலப் படிக்கட்டில் சிக்கிக்கொண்டன. நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் மில்கள் அலுவலகங்களாகிவிட்டன; காலையில் வந்து இறங்குகிறவர்கள் பல மடங்காகிவிட்டார்கள். படிக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டி, கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடிக் கேளிக்கை விடுதியில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். விபத்துக்குப் பின் ராணுவம் வந்து புதிய நடைமேம்பாலம் கட்டித் தந்தது. நிலையத்துக்கும் 2018-இல் பிரபாதேவி என்று பெயர் மாறியது. நடக்க இடம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய காலம், நிலம் கையில் இருந்த காலம்.

தொழிலாளியின் பங்கு என்ன ஆனது? கிடைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். மில் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்குமாக 2012-இல் 6,925 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. 2020 மார்ச்சில் மேலும் 3,894 வீடுகளுக்கு. இரண்டாவது குலுக்கலில், வேர்ல்ட் ஒன் நிற்கும் அதே ஸ்ரீநிவாஸ் மில் நிலத்தின் வீடுகளும் இருந்தன. வீட்டின் அளவு 225 சதுர அடி. விலை ஒன்பதரை லட்ச ரூபாய். விண்ணப்பித்தவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எஞ்சியவர்களுக்கு ஷெலுவையும் வாங்கணியையும் அரசு காட்டுகிறது. லோயர் பரேலிலிருந்து ரயிலேறி நகரத்தின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டிய ஊர்கள் அவை. வேலைநிறுத்தத்தில் நின்ற தலைமுறை எழுபதைக் கடந்துவிட்டது. மும்பைக்குள்தான் வீடு வேண்டும் என்று அவர்களுடைய சங்கங்கள் போராடுகின்றன.

இதெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று தமிழ் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. மும்பையில் இப்போது பங்குக்கு வந்திருக்கும் அடுத்த பெரிய நிலம் தாராவி. அதுவும் சுமார் 600 ஏக்கர். திருநெல்வேலிப் பக்கமிருந்து போய்த் தோல் பதனிட்டவர்கள் உட்பட, தலைமுறைகளாகத் தமிழர் உழைத்து உருவாக்கிய மண். 2022 நவம்பரில் அதன் மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு வென்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. மற்றவர்களுக்கு முலுண்டு, கஞ்சூர்மார்க் என்று வேறு இடங்கள் பேசப்படுகின்றன. மாடியில் குடியிருந்தவரும், காகிதம் இல்லாதவரும், வீட்டிலேயே தொழில் செய்பவரும் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்பதுதான் அங்கே தெருத் தெருவாகக் கேட்கப்படும் கேள்வி.

மில் நிலங்களின் அனுபவம் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். திட்டத்தின் வண்ணப் படங்களை அல்ல, விதிகளின் சொற்களைப் படிக்க வேண்டும். மும்பையின் மூன்றில் இரண்டு பங்கு எந்த புல்டோசராலும் போகவில்லை. 'காலி' என்ற ஒரு சொல்லால் போனது.

லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இன்று பெரிய வணிக வளாகம். அதன் நடுவே பழைய புகைபோக்கி இன்னும் நிற்கிறது. சுற்றிலும் எழுந்த கோபுரங்களுக்கு முன் அது இப்போது குள்ளம். கடைக்கு வருகிற இளைஞர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.