ஆட்சி மாறிய பின் எஞ்சுவது

இலங்கையில் எந்த ஊரில் விபத்து நடந்தாலும், யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் 1990 என்ற எண்ணைத்தான் அழைக்கிறார்கள். ‘சுவசெரிய’ என்னும் அந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய மானியத்தில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. அப்போது அதன்மீது ஐயப்பட்டவர்கள் உண்டு. பிறகு அது மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. 2018இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, சேவையை நடத்த ஓர் அறக்கட்டளையை அமைத்தது. இந்தியா இதற்குத் தந்தது மொத்தம் ஏறத்தாழ 2.26 கோடி டாலர். சிறிசேன, கோட்டாபய, ரணில், அநுர குமார என்று நான்கு ஜனாதிபதிகளைக் கண்டுவிட்டது அந்த வண்டி. யாரும் அதில் கைவைக்கவில்லை. வைக்க நினைத்தால் மக்கள் விட்டிருக்கவும் மாட்டார்கள்.

அதே நாட்டில் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை எடுத்துக்கொள்வோம். அதை இந்தியா, ஜப்பான், இலங்கை மூன்றும் சேர்ந்து மேம்படுத்துவதென்று 2019 மே மாதம் உடன்பாடு கையெழுத்தானது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. 2021 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கை அமைச்சரவை அந்த உடன்பாட்டைத் தன்னிச்சையாகக் கைவிட்டது. ஈடாக மேற்கு முனையம் அதானி குழுமமும் ஜான் கீல்ஸும் சேர்ந்த கூட்டுக்குப் போனது. 2025 ஏப்ரலில் அங்கே பணியும் தொடங்கிவிட்டது. வணிகக் கணக்கில் பார்த்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் இரண்டு அரசுகள் ஒரு மூன்றாம் அரசோடு போட்ட உடன்பாடு இரண்டே ஆண்டில் செல்லாக்காசாகிவிட்டது. அதைக் காப்பாற்ற இலங்கையில் வலுவான குரல் எதுவும் எழவில்லை. நம் வெளியுறவுத் துறையினர் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த இதழின் வாசகர்களில் பலர் தூதரகங்களிலும் அமைச்சக மேசைகளிலும் வளர்ச்சித் திட்டக் களங்களிலும் இருப்பவர்கள். அவர்களிடம் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: அண்டை நாட்டுடனான உறவை, அங்கே ஆட்சி மாறிய மறுநாள் எடைபோடுங்கள். 1997இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இந்தியா உத்திசார் கூட்டாண்மை அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து நம் செல்வாக்கை அளப்பது வழக்கமாகிவிட்டது. நாம் நட்பு பாராட்டிய தலைவர் பதவியில் இல்லாதபோது அந்த நாட்டில் நமக்காகப் பேச யார் மிஞ்சுகிறார்கள் என்பதே சரியான அளவுகோல்.

வங்கதேசத்தில் இந்தச் சோதனை 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி வந்தது. பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறி இந்தியா வந்து இறங்கினார். அவருடைய காலத்தில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. 1974இல் ஒப்புக்கொண்டு நாற்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்த நில எல்லை உடன்பாடு 2015இல் நிறைவேறியது. 162 சிட்மகால்களில், அதாவது எல்லைக்கு அப்பால் தனித்துக் கிடந்த நிலத்துண்டுகளில், நாடற்றவர்களாக வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அகர்தலா–அகௌரா ரயில் பாதை வந்தது. ஆனால் இந்த நன்மைகள் எல்லாமே ஒரு கட்சியின், ஒரு தலைவரின் கணக்கில் எழுதப்பட்டன. எதிர்க்கட்சியோடும் மாணவர் அமைப்புகளோடும் நமக்கு ஏறக்குறைய பேச்சே இருக்கவில்லை. 2011இல் கையெழுத்தாகவிருந்த டீஸ்டா நீர்ப் பகிர்வு மேற்கு வங்க அரசின் மறுப்பால் நின்றுபோனது. அந்த மனக்குறை அங்கே சாதாரண விவசாயிவரை போய்ச் சேர்ந்திருந்தது. ஹசீனா போனதும் விசா சுருங்கியது, போராட்டத்தின்போதே நின்றிருந்த பயணிகள் ரயில்கள் மீண்டும் தொடங்கவில்லை. 2025இல் சரக்கு மாற்றுச் சலுகையை இந்தியா திரும்பப் பெற்றது. தரைவழி ஆயத்த ஆடை இறக்குமதிக்கும் தடை போட்டது.

இதற்கிடையிலும் முன்னேறியது மின்சார வணிகம். நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசம் போகத் தொடங்கியதே ஹசீனா போன பிறகு, 2024 நவம்பரில்தான். மூன்று தலைநகரங்களிலும் அரசியல் வெவ்வேறு திசையில் போய்க்கொண்டிருந்தபோது இது நடந்தது. அளவு சிறிதுதான். ஆனால் விற்பவர், கொண்டுசேர்ப்பவர், வாங்குபவர் மூவருக்கும் அதில் ஆதாயம் இருக்கிறது. அதை வெட்டினால் மூவருக்கும் வலிக்கும்.

மாலத்தீவு இன்னொரு பாடம் சொன்னது. ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தின் துணையோடு 2023 ஜனாதிபதித் தேர்தலில் முகமது முய்சு வென்றார். அங்கிருந்த இந்திய வீரர்கள் 2024 மே மாதத்துக்குள் திரும்பினார்கள்; அவர்கள் இடத்தில் ராணுவம் சாராத தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். இந்திய வீரர்கள் இயக்கிவந்த ஹெலிகாப்டர்களும் டோர்னியர் விமானமும் செய்த முக்கியப் பணிகளில் ஒன்று, எட்டாத தீவுகளிலிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அந்தப் பணி அப்படியே தொடர்கிறது. மாறியது சீருடை மட்டும். முதலிலேயே அப்படி அனுப்பியிருந்தால் அந்த முழக்கத்துக்கு அவ்வளவு தீனி கிடைத்திருக்காது. தில்லி பதறாமல் பொறுத்திருந்ததும் நல்லதாயிற்று. அதே முய்சு 2024 அக்டோபரில் தில்லி வந்தார், 2025 ஜூலையில் மாலத்தீவின் விடுதலை நாளுக்கு இந்தியப் பிரதமரை அழைத்தார்.

நன்றாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்திய கட்சி ஜே.வி.பி. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்கவை 2024 பிப்ரவரியில், அவர் நாடாளுமன்றத்தில் மூன்றே இடங்கள் வைத்திருந்த அணியின் தலைவராக இருந்தபோதே, இந்தியா அழைத்துப் பேசியது. செப்டம்பரில் அவர் ஜனாதிபதியானார். டிசம்பரில் தம் முதல் வெளிநாட்டுப் பயணமாகத் தில்லிக்கே வந்தார். கொழும்பில் இருந்த நம் தூதரக அதிகாரிகள் தெருவின் மனநிலையைச் சரியாகப் படித்திருந்தார்கள். டாக்காவில் நடக்காமல் போனது இதுதான்.

எனவே நடைமுறையில் சில மாற்றங்கள் தேவை. இந்தியக் கடனுதவித் திட்டங்களில் பொருள், சேவை ஆகியவற்றில் குறைந்தது 75 சதவீதம் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் பொது விதி. அண்டை நாடுகளுக்கேனும் அதைத் தாராளமாகத் தளர்த்த வேண்டும். உள்ளூர் ஒப்பந்ததாரரும் உள்ளூர்த் தொழிலாளியும் பங்கு பெறும் வேலையை எந்த ஆட்சியும் எளிதில் நிறுத்தாது. ஒப்பந்த விதிகளைக் கையெழுத்தான அன்றே இரு நாட்டு மொழிகளிலும் வெளியிட வேண்டும். இலங்கையின் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் அதானி குழுமத்துக்குத் தரப்பட்டது. வழக்குகளிலும் விலைச் சர்ச்சையிலும் சிக்கி, 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. அந்த நிறுவனத்தைவிட அதிகம் இழந்தது இந்தியாவின் பெயர். காலக்கெடுவும் முக்கியம். நேபாளத்துக்கான மோதிஹாரி–அம்லேக்கஞ்ச் எண்ணெய்க் குழாயை 2019இல் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக் காட்டினோம். அதே நாம்தான் 2008இல் மியான்மரோடு ஒப்பந்தமிட்ட கலாதான் பாதையை இழுத்துக்கொண்டே போனோம். 2024 ஜனவரியில் அதன் வழியிலிருந்த பலேத்வா நகரம் கிளர்ச்சியாளர்களான அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது.

தமிழில் வரும் ஓர் இதழ் பாக் நீரிணையைப் பேசாமல் இருக்க முடியாது. போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்தியா பல்லாயிரம் வீடுகள் கட்டக் கொடை தந்தது. வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள, கட்டக் கட்ட அவர் கணக்குக்குப் பணம் வந்தது. இடைத்தரகர் இல்லாத நல்ல திட்டம். அதே கரையோர மாவட்டங்களின் மீனவர்கள், இரவில் வரும் இந்திய இழுவைமடிப் படகுகளுக்கு வலைகளைப் பறிகொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் ராமேசுவரத்திலும் நாகையிலும், இலங்கையில் சிறைப்பட்ட கணவனுக்கும் பறிபோன படகுக்கும் குடும்பங்கள் காத்திருக்கின்றன. இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017இல் ஒன்றிய அரசும் தமிழக அரசும் மூன்றாண்டுத் திட்டம் அறிவித்தன; அந்த இலக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. மீனவர் ஏற்க வேண்டிய பங்கும் கடன் சுமையும் அதிகம், ஆழ்கடல் தொழிலுக்கான பயிற்சி குறைவு. இதை மீன்வளத் துறையின் உள்ளூர்ச் செலவாகப் பார்ப்பதை விட்டு, வெளியுறவு அமைச்சகம் தன் அண்டை நாட்டு நிதியிலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கி, மீனவர் கட்ட வேண்டிய தொகையைக் குறைத்து, மிச்சமிருக்கும் படகுகளை மாற்றி முடிக்க வேண்டும்.