இருபது விநாடிக் கணக்கு

எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்துவிட்டன. நம் வேலையை நேராகத் தொடுவது ஆறாவது விதி. அத்துமீறி நுழைந்தவரைக் கண்டுபிடிக்கவும், விசாரிக்கவும், மறுபடி நடக்காமல் தடுக்கவும் லாகுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது. 18 மாத அவகாசம் போக, 2027 மே மாதம் அது அமலுக்கு வரும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கேட்ட 180 நாள் லாகுக்கே டிஸ்க் தேடி அலைந்தவர்கள் நாம். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்வதால், குன்னூரிலும் கோத்தகிரியிலும் இரண்டே ஹோஸ்ட் வைத்து ஓட்டுகிறவர்கள்கூட இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எந்த லாகை வைப்பது?

லாகின் லாக், ஃபயர்வால் லாக், டேட்டாபேஸ் தணிக்கை லாக் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஹோஸ்டின் வளப் பயன்பாட்டுக் கவுன்டர்களும் இந்த ஓராண்டுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் இந்த இதழின் நிலைப்பாடு. விதியில் அப்படி ஒரு சொல் இல்லை. இருந்திருக்க வேண்டும். கெஸ்டுக்குள் ரூட் கிடைத்தவன் முதலில் செய்வது அந்த கெஸ்டின் லாகை அழிப்பதுதான். ஹைப்பர்வைசர் எண்ணி வைப்பதை அவனால் அங்கிருந்து தொட முடியாது. திருட்டுத்தனமாக மைனர் ஓடினால் அது முதலில் தெரிவது சிபியூ ஏற்றத்திலும், பக்கத்து கெஸ்டுகளின் ரெடி டைமிலும்தான். ஆகவே விசாரணைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

அந்தச் சாட்சியை நாம் என்ன செய்கிறோம்? விசென்டரின் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 20 விநாடிக் கணக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. பிறகு ஒரு நாளுக்கு 5 நிமிடக் கணக்கு, ஒரு வாரத்துக்கு 30 நிமிடம், ஒரு மாதத்துக்கு 2 மணி நேரம், ஓராண்டுக்கு ஒரு நாள். லெவல் 4 வைத்தால்தான் உச்ச அளவுகள் தங்கும். டேட்டாபேஸ் ஊதிவிடும் என்று அதை யாரும் வைப்பதில்லை. ஒரு கெஸ்டுக்கு இரண்டு நிமிடம் ரெடி 40 சதவீதம் போயிற்று என்று வையுங்கள். மற்ற நேரமெல்லாம் சுழியமாக இருந்தால், 30 நிமிடக் கணக்கில் அது 2.67. மாத வரைபடத்தில் 0.67. ஆண்டு வரைபடத்தில் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஹோஸ்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலை மாதம், விடாத மழை. மாலை நான்கு மணிக்கு கொழுந்து வண்டிகள் வரிசையில் நிற்கும். தராசில் எடை விழும், சீட்டு வராது. இரண்டு நிமிடம், சில நாள் மூன்று. நனைந்த மூட்டைக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும் என்று சிறு விவசாயிகளுக்குத் தெரியும். மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டு விட்டுப் பார்ப்பார்கள். “எடை போட்டாச்சு, சீட்டு எங்கே தம்பி?” என்று ஒரு பெரியவர் தினமும் கேட்பார். பதில் சொல்ல முடியாமல் நிற்பேன்.

ஒரு நாள் நான்கு மணிக்கு முன்பே ஈஎஸ்எக்ஸ்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். எடை கெஸ்டுக்கு நான்கு வி-சிபியூ. ரெடி பத்தி 160 காட்டியது. தலைக்கு 40. அதே ஹோஸ்டில் எட்டு வி-சிபியூ கொடுத்திருந்த இன்னொரு கெஸ்ட், சரியாக நான்கு மணிக்கு ஓர் அறிக்கை வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அதை இரவுக்கு மாற்றியதும் சீட்டு வந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு மாதம், மேற்பார்வை அலுவலகம் ஒன்று எங்கள் புகாரைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. மாதச் சராசரி சிபியூ 18 சதவீதம், ஆகவே சர்வர் நலம், புகார் முடிக்கப்பட்டது என்று எழுதியது. ஆதாரம் கேட்டார்கள். கேட்ட கடிதம் வந்து சேர்வதற்குள் அந்த 20 விநாடிகள் கரைந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை. டெண்டரில் வி-சிபியூ எத்தனை, ராம் எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள். ரெடி எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. தணிக்கைப் படிவத்தில் ‘சராசரிப் பயன்பாடு’ என்று ஒரே கட்டம். ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் முதல் வரம்பு வைத்தது: வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மலை திணறுவது எந்த நாளில் என்று பார்த்து நாள் கணக்கில் வைத்தது. மலைப் பாதைக்குக் கிடைத்த அந்தப் பார்வை சர்வருக்கு ஏன் கிடைக்கவில்லை? விதி எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது நான்கு மணிக்கு எடை மேடையில் வந்து நின்றிருந்தால் கிடைத்திருக்கும்.

டிஸ்க் செலவு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 30 கெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 10 கவுன்டர், 20 விநாடிக்கு ஒரு முறை, எண்ணுக்கு 8 பைட். ஓராண்டுக்கு நான்கு ஜிபிகூட வராது. நேரமுத்திரையையும் சேர்த்தால் எட்டுக்குள். விசென்டர் டேட்டாபேஸை ஊதவிடாமல் வெளியே இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு இழுத்துவிடலாம். பிராக்ஸ்மாக்ஸில் வெளி மெட்ரிக் சர்வருக்கு அனுப்பும் வசதி கூடவே வருகிறது. வெறும் கேவிஎம் என்றால் கெஸ்டில் ஸ்டீல், ஹோஸ்டில் பிரஷர் ஸ்டால் கோப்புகள். பிராட்காம் நிரந்தர உரிமத்தை நிறுத்தியதாலும், வி-ஸ்பியர் 7க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததாலும் பலர் இடம் மாறிக்கொண்டிருக்கிறார்கள். பழைய விசென்டரை அணைக்கும் முன் அதில் மிஞ்சியிருக்கும் கணக்கையாவது ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அணைத்தபின் தேடி அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஆறாவது விதியின் ‘லாக்’ என்ற சொல்லுக்குள் ஹோஸ்ட் கவுன்டர்களும் அடங்கும் என்று ஒரு விளக்கக் குறிப்பு வெளியிடக் கேட்டு, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு இந்த இதழ் எழுதுகிறது. உங்கள் ஹோஸ்டில் ஒரு வார நாளின் மாலை மூன்று முதல் ஆறு மணி வரையிலான 20 விநாடிக் கணக்கையும், அதே நாளின் சராசரியையும் அனுப்புங்கள். நிறுவனப் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுக் கடிதத்தோடு இணைப்போம்.