பந்து உருள வேண்டியது கோடையிலா, மாரியிலா?

எங்கள் ஊரில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் டிசம்பர் மாதம்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அப்போது பாடசாலை விடுமுறை. கொழும்பில் வேலை செய்யும் நானாமார் ஊருக்கு வந்திருப்பார்கள். கடல் கொந்தளிப்பதால் மீன்பிடிக்கப் போகிறவர்களும் வீட்டில்தான் இருப்பார்கள். பதினொரு பேரைச் சேர்ப்பது லேசு. ஆனால் மைதானம் அந்த மாதத்தில் மைதானமாக இருப்பதில்லை, குளமாகத்தான் இருக்கிறது.

அப்படியொரு குளத்தில்தான் சென்ற மாரியில் என் நானா வழுக்கி விழுந்தார். முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. பெப்ரவரியில் வேளாண்மை வெட்டு தொடங்கியபோது அவரால் வரம்பில் நடக்கக்கூட முடியவில்லை. வாப்பா கூலிக்கு ஆள் பிடித்தார். ஒரு வெற்றிக்கிண்ணத்துக்காக ஒரு போகத்தின் இலாபம் போனது என்று உம்மா இன்றும் சொல்வார். அன்றிலிருந்துதான் இந்தக் கேள்வி என் மனதில் இருக்கிறது: சம்பளம் இல்லாமல், ஆசைக்காக விளையாடும் நம் இளைஞர்களுக்கு ஏற்ற காலம் எது? கோடையா, மாரியா?

உதைபந்தாட்டம் குளிர்கால விளையாட்டு என்று சிலர் சொல்வார்கள். அது இங்கிலாந்தின் வழக்கம். 1863 இல் அங்கே உதைபந்தாட்டச் சங்கம் அமைந்த காலத்தில் கோடை கிரிக்கெட்டுக்கு உரியதாக இருந்தது. மிஞ்சிய குளிர்காலம் பந்துக்குக் கிடைத்தது. ஆனால் பனி உறையும் சுவீடனும் நோர்வேயும் பின்லாந்தும் இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலத்தில் தங்கள் லீக் போட்டிகளை முடிக்கின்றன. அயர்லாந்தின் தேசிய லீக் 2003 இல் கோடைக்கு மாறியது. கட்டார் நாடு உலகக் கிண்ணத்தை நடத்தியபோது வெயிலுக்கு அஞ்சி அதை 2022 நவம்பர், டிசம்பருக்குத் தள்ளினார்கள். ஆகவே உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு காலம் என்று எதுவும் இல்லை. அந்தந்த நாட்டின் வானமும் மண்ணும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

நம் கிழக்கின் வானம் என்ன சொல்கிறது? ஆண்டு மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை நம் தலையில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை. மாரி தொடங்கும்போது பின்னேரங்களில் இடியும் மின்னலும் வேறு. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊறிய தரையில் இருபத்திரண்டு பேர் ஓடினால் புல் வேரோடு பெயர்ந்துவிடும். பூட்ஸ் பதிந்த குழிகள் மழை விட்ட பிறகு அப்படியே காய்ந்து கல்லாகிவிடும். எங்கள் பாடசாலை மாணவிகள் அணி பெப்ரவரியில் பயிற்சிக்குப் போனபோது அந்தக் குழிகளில்தான் ஓடினோம். என் தோழி ஒருத்தி கணுக்கால் பிசகி மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. நானாமார் மாரியில் ஆடிய ஆட்டத்தின் விலையை நாங்கள் கோடையில் கொடுக்கிறோம்.

கோடையிலும் குறை இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குவது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் சுட்டெண் 32 பாகையைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்று பீபா சொல்கிறது. 2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்தும் மெக்சிக்கோவும் ஆடியபோது அப்படி ஆட்டத்தை நிறுத்தினார்கள். தொழில்முறை வீரர்களுக்கே அது தேவையென்றால், பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வரும் நம்மவர்களுக்குத் தேவையில்லையா?

ஆனால் வெயிலுக்கு மருந்து இருக்கிறது. நேரத்தை மாற்றலாம், ஆட்டத்தைச் சுருக்கலாம், தண்ணீர் வைக்கலாம். வெள்ளத்துக்கு அப்படி எந்த மருந்தும் இல்லை. அதனால்தான் நான் கோடையின் பக்கம் நிற்கிறேன்.

ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மறைய ஆறு இருபது அளவில் ஆகும். டிசம்பர் தொடக்கத்திலோ ஐந்தே முக்காலுக்கே இருட்டத் தொடங்கும். கோடையில் அஸர் தொழுதுவிட்டு நாலரைக்குத் தொடங்கினால், பாதிக்கு 35 நிமிடம், இடையில் ஓய்வு, தண்ணீர் இடைவேளை எல்லாம் சேர்த்தும் ஆறு மணிக்குள் முடித்து மஃரிபுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சிறுபோக விதைப்பு முடிந்து அறுவடை வராத இடைக்காலமும் அதுதான். நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. 2030 இல் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் இறுதியில் இன்னொரு தடவையும் நோன்பு தொடங்கும். மாரிச் சுற்றுப்போட்டிக்காரர்கள் அப்போது என்ன செய்வார்கள்?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கோடையில்தான் கடல் அமைதியாக இருக்கும். கடற்றொழில் செய்கிறவர்கள் அப்போது தொழிலை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? இதை நானாவின் கழகத்தில் உள்ள ஒரு மீனவரிடமே கேட்டேன். "வெள்ளிக்கிழமை நாங்க கடலுக்குப் போறல்லதானே, அண்டைக்கு வைங்க" என்றார். வெள்ளி பின்னேரம் லீக் ஆட்டம் என்று முடிவு செய்தால் அவருக்கும் இடம் உண்டு, வயலுக்குப் போகிறவருக்கும் இடம் உண்டு. விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் ஓகஸ்ட் விடுமுறையில் ஆடலாம்.

இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. கோடைக்கு மாற்றினால் நல்ல நாளெல்லாம் ஆண்களுக்கே போய்விடுமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. தலையை மூடிக்கொண்டு விளையாடப் பீபா 2014 இலேயே அனுமதி தந்துவிட்டது. ஆனால் நம் ஊர் மைதானத்தில் மாணவிகளுக்கென்று இன்னும் ஒரு நாள்கூட எழுதி வைக்கப்படவில்லை. அட்டவணை போடும்போது வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகளை எங்கள் பெயரில் எழுதுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மைதானத்துக்கு ஓய்வு கொடுங்கள். புல் தானாக வளரும்.

வாப்பாமாரே, நானாமாரே, அடுத்த சுற்றுப்போட்டிக்குத் திகதி குறிக்க நீங்கள் கூடும்போது கலண்டரில் விடுமுறையை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே வந்து மைதானத்தையும் ஒரு தடவை பாருங்கள். என் நானா இப்போது மெதுவாக ஓடத் தொடங்கியிருக்கிறார். அவர் மறுபடி பந்தை உதைக்கும் நாள் காய்ந்த தரையில் வர வேண்டும் என்பதே என் ஆசை.